மாறப்போவதை மறைத்து வைத்தல்: ஒரு தலைப்படைவின் கதை

திண்டிவனத்திலிருந்து வெளிவந்து நின்றுபோன சிற்றிதழ் ஒன்றின் பழைய இதழ்களுக்குத் தலைப்படைவு தயாரித்துத் தரும்படி அதன் ஆசிரியர் எங்களைக் கேட்டுக்கொண்டபோது, அதை இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று மதிப்பிட்டோம். முடிக்க ஓராண்டுக்கும் மேலாயிற்று. நாங்கள் ஐவர், இருவர் திண்டிவனம், மூவர் விழுப்புரம். ஐவருமே நிரல் எழுதிச் சம்பளம் வாங்குபவர்கள். எங்கள் மதிப்பீடு ஏன் அவ்வளவு பிழைபட்டது என்று தேடிப் போனபோது, மென்பொருள் வடிவமைப்பின் அரை நூற்றாண்டு வரலாறு எங்கள் கையில் அகப்பட்டது. அதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறோம். துறை சாராத வாசகர் அஞ்ச வேண்டியதில்லை. இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் ஒன்று, இலக்கிய மாணவர்கள் நன்கறிந்த பழைய கருவியான சொல்லடைவில்தான் நிகழ்ந்தது.

முதலில் பணியின் தன்மையைச் சொல்லிவிடுகிறோம். இதழின் தொடக்க ஆண்டுகள் அச்சுக்கோத்து அடித்தவை. அவற்றுக்குக் காகிதம் மட்டுமே சாட்சி. பின்வந்தவை இரு ஊர்களிலும் இருந்த டிடிபி மையங்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. ஒவ்வொரு மையமும் ஓர் எழுத்துரு. கோப்புகள் குறுந்தகடுகளில் இருந்தன. திறந்தால் பெரும்பாலானவற்றில் தமிழ் தெரியவில்லை. ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரிந்தது. எந்தக் கதை எந்த இதழில் வந்தது என்பதற்கு ஆசிரியரின் நினைவே அதுநாள்வரை அடைவாக இருந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அவருக்கு அந்த நினைவு தளரத் தொடங்கியிருந்தது. எங்களை அழைத்ததற்கு அதுவே காரணம் என்பதை அவர் சொல்லாமலே புரிந்துகொண்டோம்.

*

தலைப்பில் வரும் ஒவ்வொரு முக்கியச் சொல்லின் கீழும் முழுத் தலைப்பையும் காட்டும் அடைவுமுறையைக் கணிப்பொறிக்கு ஏற்றுப் பரப்பியவர் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன். காலம் 1950களின் இறுதி. ‘செஞ்சிக் கோட்டையின் சுனைகள்’ என்று ஒரு கட்டுரைத் தலைப்பு இருப்பதாகக் கொள்வோம். அது செஞ்சி என்ற சொல்லின் கீழும், கோட்டை என்ற சொல்லின் கீழும், சுனை என்ற சொல்லின் கீழும் வரவேண்டும். இதற்குக் கணிப்பொறி செய்வது எளிய வேலை: தலைப்பைச் சக்கரம்போல் ஒவ்வொரு சொல்லாகச் சுழற்றுவது, பிறகு சுழற்றிய வரிகள் அனைத்தையும் அகரவரிசைப்படுத்துவது.

1972 டிசம்பரில் டேவிட் பார்னஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்கக் கணிப்பொறிச் சங்கத்தின் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஒரு மென்பொருளை எந்த அடிப்படையில் பகுதிகளாகப் பிரிப்பது என்பது அதன் கேள்வி. எடுத்துக்காட்டாக அவர் தேர்ந்தது இதே சொல்லடைவைத்தான். நல்ல நிரலாளர் ஒருவர் ஓரிரு வாரத்தில் முடித்துவிடக்கூடிய வேலை என்று அவரே அதில் குறிப்பிட்டிருக்கிறார். இதை நாங்கள் வாசித்தது எட்டு மாதம் கடந்த பிறகு.

பார்னஸ் அந்த அடைவை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டுகிறார். முதல் வகை, எவருக்கும் உடனே தோன்றுவது. வேலையின் படிகளை எழுதி, ஒரு படிக்கு ஒரு பகுதி: உள்ளீட்டை வாசிப்பது, சுழற்றுவது, வரிசைப்படுத்துவது, அச்சிடுவது, இவற்றையெல்லாம் அடுத்தடுத்து அழைக்கும் தலைமைப் பகுதி. இரண்டாம் வகையில் அவர் படிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. எந்தெந்த முடிவுகள் நாளை மாறக்கூடும் என்று முதலில் பட்டியலிடுகிறார். வரிகளை நினைவகத்தில் எப்படிச் சேமிப்பது, சுழற்றிய வரிகளை உண்மையாகவே எழுதி வைப்பதா அல்லது எங்கே தொடங்குகின்றன என்று குறித்துக்கொண்டால் போதுமா, முழுவதையும் முன்கூட்டியே வரிசைப்படுத்துவதா, கேட்கும்போது தேடித் தருவதா. இப்படிப்பட்ட முடிவு ஒவ்வொன்றையும் ஒரே ஒரு பகுதி மட்டும் அறிந்திருக்க வேண்டும். மற்றப் பகுதிகளுக்கு அது இரகசியம். இதைத்தான் துறையினர் தகவல் மறைப்பு என்கிறார்கள்.

இரண்டு வகையிலும் அடைவு சரியாகவே வரும். வேறுபாடு தெரிவது, ஏதேனும் மாறும்போதுதான். வரிகளைச் சேமிக்கும் முறை மாறினால் முதல் வகையில் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளையும் திருத்த வேண்டும். இரண்டாவதில் ஒன்றே ஒன்றை.

நாங்கள் செய்திருந்தது முதல் வகையை. ஐந்து பேர், ஐந்து படிகள் என்று பங்கிட்டுக்கொண்டோம். அது வடிவமைப்பாக அன்றி நியாயமான பாகப்பிரிவினையாகவே எங்களுக்குத் தோன்றியது. முதல் எழுத்துருவின் கோப்புகள் அழகாக ஓடின. இரண்டாம் எழுத்துரு வந்தபோது மூன்று பேர் தத்தம் பகுதியைத் திருத்தினோம். மூன்றாவது வந்தபோது ஐவரும் திருத்தினோம். நான்காவது வந்தபோது, திருத்தியதால் முதலாம் எழுத்துருவின் கோப்புகள் சிதைந்து வரத் தொடங்கின. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, தம் முதல் சிறுகதை வந்த இதழைப் பெருமையோடு தேடிக் காட்டச் சொன்ன ஆசிரியரின் முன், எங்கள் நிரல் அந்த இதழே இல்லை என்று சொன்னது. அவர் எதுவும் சொல்லாமல் உள்ளே சென்று காகிதப் பிரதியை எடுத்துவந்தார்.

*

பல ஆண்டு அனுபவமுள்ள ஐந்து நிரலாளர்களுக்கு 1972ஆம் ஆண்டுக் கட்டுரை தெரியாமல் போனது எப்படி?

‘மென்பொருள் பொறியியல்’ என்ற சொற்றொடர் பரவலானது, 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் அறிவியல் குழு நடத்திய மாநாட்டிற்குப் பிறகு. பெரிய மென்பொருள்கள் காலம் தவறுவதும், செலவு மீறுவதும், பிழைகளோடு வந்து சேர்வதும் அங்கே வெளிப்படையாகப் பேசப்பட்டன. மென்பொருள் நெருக்கடி என்ற பேச்சு எழுந்ததும் அக்காலத்தில்தான். ஆக, இத்துறை தன் பெயரைப் பெற்றதே ஒரு குறைபாட்டை ஒப்புக்கொண்ட தருணத்தில் எனலாம்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திற்கு இத்துறை வந்து சேர்ந்த வழி வேறு. 1990களில் தெருவுக்கு ஒன்றாக முளைத்த தனியார் கணிப்பொறி மையங்கள் கற்பித்தது மொழியை: கோபால், சி, பிறகு ஜாவா. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளாகப் பொறியியல் கல்லூரிகள் தொடங்கப்பட்டது 2008இல். அதற்குமுன் பொறியியல் படிக்க விரும்பிய அரசுப் பள்ளி மாணவருக்குத் தனியார் கல்லூரி அல்லது வெளியூர். எங்களில் இருவர் கலைக்கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு இத்துறைக்கு வந்தவர்கள். பாடத்திட்டத்தில் மென்பொருள் வடிவமைப்பு இருந்தது. பதினாறு மதிப்பெண் கேள்வியாக இருந்தது. ஒரு நல்ல பகுதிக்கு உள்ளிணக்கம் மிகுந்தும் பிறபகுதிகளோடு பிணைப்பு குறைந்தும் இருக்கவேண்டும் என்று மனப்பாடமாக எழுதித் தேறினோம். எழுதிய எவரும் அதுவரை, தான் எழுதிய நிரலை ஆறு மாதம் கழித்துத் திருத்தும் நிலைக்கு ஆளானதில்லை.

வேலையும் அதைக் கற்றுத்தரவில்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில் திண்டிவனம், மேலும் 40 கி.மீ. அளவில் விழுப்புரம். நாங்கள் வாரத்தின் முதல்நாள் ஏறிச்சென்று வாரக்கடைசியில் இறங்குபவர்கள். போய்ச் சேர்ந்த இடங்களில், வேறெங்கோ வேறெவரோ எழுதிய பெரும் மென்பொருளில் நமக்கு ஒதுக்கப்பட்ட பிழையைத் திருத்தி அனுப்புவதே பணி. ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று கேட்பதற்கு எதிரில் ஆள் இருக்கமாட்டார். அந்த மென்பொருள் மூன்றாண்டு கழித்து என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கு நாமும் அங்கே இருக்கமாட்டோம். தன் முடிவின் விளைவு தன்னிடமே திரும்பி வராத இடத்தில் வடிவமைப்பைக் கற்பது அரிது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வேலைதான் எங்கள் வீடுகளுக்குக் கூரை போட்டது.

மாற்றத்தின் அறிகுறிகளும் உண்டு. விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களின் குழுவான விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாக நிரலாக்கம் கற்பித்துவருகிறது. கட்டற்ற மென்பொருளில் மூலநிரல் திறந்திருக்கிறது. இருபதாண்டு வயதான ஒரு நிரல் எப்படியெல்லாம் மாறிவந்தது என்பதை மாணவர் தாமே வாசிக்க முடியும். 2024 பிப்ரவரியில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் சிறு டைடல் பூங்கா திறக்கப்பட்டது. ஊரிலேயே இருந்து ஒரு மென்பொருளைப் பல ஆண்டுகள் பேணும் வேலை வருமானால், அங்கே கற்கக்கூடியது எங்களுக்குக் கிடைத்ததைவிடக் கூடுதலாக இருக்கும்.

பார்னஸ்கூட இதைப் பணியிடத்தில்தான் கண்டுகொண்டார். 1969இல் நெதர்லாந்தில் பிலிப்ஸ் கணிப்பொறிப் பிரிவில் இருந்தபோது, ஒருவர் பகுதியின் உள்விவரத்தை மற்றொருவர் அறிந்துகொண்டு அதன்மேல் தம் நிரலைக் கட்டுவதை நேரில் கண்டதே தம் சிந்தனையைத் தூண்டியது என்று பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதை வாசித்தபோது எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

*

தமிழ் வாசகருக்குத் தகவல் மறைப்பை விளக்க வெளிநாட்டு எடுத்துக்காட்டு தேவையே இல்லை என்பதை எங்கள் எழுத்துருக் கோப்புகள் காட்டின. கணிப்பொறித் தமிழின் வரலாறே அதற்கு ஆகப்பெரிய பாடம்.

பழைய எழுத்துருக் குறியாக்கங்கள் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைச் சேமித்தன. ‘கொ’ என்று எழுதினால் கோப்பில் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். எந்த வடிவத்திற்கு எந்த எண் என்பதை எழுத்துருவை உருவாக்கியவர் தம் விருப்பப்படி வைத்தார். விளைவு, ஒருவர் அனுப்பிய கடிதத்தைப் படிக்க அவருடைய எழுத்துருவையும் சேர்த்து வாங்கவேண்டிய நிலை. இதைச் சீராக்க 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரு குறியாக்கங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. எண்கள் பொதுவாயின, ஆனால் சேமிக்கப்பட்டது அப்போதும் வடிவமே.

1991இல் வெளியான யூனிகோட், இந்தியத் தரமான இஸ்கியைப் பின்பற்றி, வேறொரு வழியை எடுத்தது. கோப்பில் இருப்பது எழுத்தின் அடையாளம்: க, அதன்பின் ஒகரக் குறி. கொம்பை முன்னே போடுவதும் காலைப் பின்னே போடுவதும் திரையில் காட்டும் எழுத்துருவின் பொறுப்பு. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்ற குறியாக்கத்தையும் ஏற்றது. யூனிகோடின் தமிழ்ப்பகுதியைப் பற்றிய விமர்சனங்கள் பல உண்டு. அவற்றுள் நியாயமானவையும் உண்டு. ஆயினும் அதன் அடிப்படை முடிவின் வலிமையை ஒன்றைக் கொண்டு உணரலாம். 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, னை போன்றவற்றின் வடிவம் மாறியது. அச்சகங்களில் அச்செழுத்துகளை மாற்றவேண்டியிருந்தது. யூனிகோடில் சேமித்த ஒரு கட்டுரையைப் பழைய துதிக்கை வடிவத்திலும் காட்டலாம், புதிய வடிவத்திலும் காட்டலாம். கோப்பில் ஓர் எண்கூட மாறவேண்டாம். வடிவம் என்பது மாறக்கூடியது. ஆகவே அது எழுத்துருவுக்குள் மறைக்கப்பட்டுவிட்டது.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவர், மரக்காணம் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர், ஏரிகளை நினைவூட்டினார். திண்டிவனத்துக்குக் கிழக்கே ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு, கடைசியில் கழுவேலிக்கு. கீழூர்க்காரருக்கு மேலேரியின் ஆழமோ அதன் மதகுகளின் முறைவைப்போ தெரியவேண்டியதில்லை. கலங்கலின் உயரம் மட்டும் தெரிந்தால் போதும். மேலூர்க்காரர் தம் ஏரிக்குள் என்ன மராமத்து வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். கலங்கலை உயர்த்தினால் மட்டும் கீழே பயிர் காயும், மேலே நிலம் மூழ்கும், ஊர்ச்சண்டை வரும். பகுதிகளுக்கு இடையிலான ஒப்பந்தம் என்று பாடநூல் பல பக்கங்களில் சொல்வதை இதைவிடத் தெளிவாக நாங்கள் கேட்டதில்லை.

*

பழைய நிரலைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி தொடங்கினோம். இம்முறை படிகளைப் பங்கிடவில்லை; இரகசியங்களைப் பங்கிட்டுக்கொண்டோம். எழுத்துருக்களைப் பற்றி ஒரு பகுதி மட்டும் அறியும். அதைத் தாண்டி வருவதெல்லாம் யூனிகோட். தலைப்புகள் எங்கே, எப்படிச் சேமிக்கப்படுகின்றன என்பதை ஒரு பகுதி அறியும். தமிழ்ச் சொல்லை எங்கே வெட்டுவது என்பதை ஒன்று. அகரவரிசையை ஒன்று. பக்க அமைப்பை ஒன்று.

சொல்லை வெட்டும் பகுதியை ஆங்கில மாதிரியில் எளிதென்று எண்ணியிருந்தோம். லூனின் முறைக்கு இடைவெளியே எல்லை. தமிழில் ‘செஞ்சிக்’ என்பதன் ஒற்றை நீக்கவேண்டும், ‘கோட்டையின்’ என்பதன் வேற்றுமை உருபைக் கழற்றவேண்டும், ‘சுனைகள்’ என்பதை ஒருமையாக்கவேண்டும். இவ்விதிகள் இன்றுவரை மாறிக்கொண்டே இருக்கின்றன. மாறினாலும் மற்ற நால்வருக்கும் அது தெரிவதில்லை.

அகரவரிசை மற்றொரு பொறி. யூனிகோட் எண்களின் வரிசை தமிழ் அகரவரிசை அன்று. அங்கே னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன் நிற்கிறது. எண்வரிசைப்படி அடுக்கினால் ‘அனல்’ முன்னே வந்து ‘அப்பா’ பின்னே போகும். எங்கள் முதல் நிரலில் இது மூன்று இடங்களில் மூன்று விதமாகச் சரிசெய்யப்பட்டிருந்தது. இரண்டாவதில் ஓரிடம். அச்சுப்படி பார்த்த ஆசிரியர் கேட்டார்: “தம்பி, ஒற்றெழுத்து முன்னாடியில்ல வரணும்? ‘அக்கரை’ வந்த பிறகுதானே ‘அகம்’ வரணும்?” மெய்யை உயிர்மெய்க்கு முன் வைப்பதா பின் வைப்பதா என்பதில் அகராதிகளுக்குள்ளேயே ஒத்த வழக்கு இல்லை. “மாத்திடலாம் ஐயா” என்றோம். அவர் காப்பி கொண்டுவருவதற்குள் மாறியிருந்தது. எட்டு மாதத்துக்கு முன் அந்தக் கேள்வி எங்களுக்கு ஒரு மாதம்.

இந்த இடத்தில் நாங்கள் செய்த இன்னொரு தவற்றையும் மறைக்கக்கூடாது. 1994இல் காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசிடஸ் ஆகிய நால்வர் எழுதிய வடிவமைப்புப் பாங்குகள் நூல் துறையில் பெரும் செல்வாக்குப் பெற்றது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டபர் அலெக்சாண்டரின் சிந்தனை வழியில், அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல்களுக்கான தீர்வுகளைப் பெயரிட்டுத் தொகுத்த நூல் அது. எங்களில் ஒருவர் அதைப் படித்த உற்சாகத்தில் எல்லா இடத்திலும் பாங்குகளைப் புகுத்தினார். ஒருபோதும் மாறப்போகாதவற்றையும் மறைத்தார். ஒரு தலைப்பை அச்சிட ஏழு பகுதிகளைக் கடந்து போகவேண்டியதாயிற்று. நிரலை வாசித்த எவருக்கும் விளங்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவருக்கே விளங்கவில்லை.

அப்போது ஆசிரியர்தாம் நன்னூலின் பொதுப்பாயிரத்தை எடுத்துப் போட்டார். பவணந்தி முனிவர் நூலுக்குரிய குற்றம் பத்து, அழகு பத்து, உத்தி முப்பத்திரண்டு என்று வகுத்திருப்பதைப் பள்ளியில் படித்திருந்தோம். இம்முறை நிரல் எழுதுபவராகப் படித்தோம். கூறியது கூறல் என்பது அகரவரிசையை மூன்று இடத்தில் எழுதிய எங்கள் குற்றம். மாறுகொளக் கூறல் என்பது அம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்பட்டது. மிகைபடக் கூறல், அந்த ஏழு பகுதிகள். இலக்கண நூலார் கணிப்பொறியை அன்றே கண்டார் என்று நாங்கள் சொல்லவரவில்லை. சிக்கலான ஒன்றைப் பிறர் கற்கும்படி எழுதி வைப்பவருக்கு எக்காலத்திலும் ஒரே வகைக் குற்றங்கள் நேர்கின்றன போலும். ஏழில் நான்கை நீக்கினோம். நீக்கியவரே அவற்றை எழுதியவர்தாம்.

*

டேனிஷ் அறிஞர் பீட்டர் நௌர் 1985இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: நிரலாக்கம் என்பது அடிப்படையில் ஒரு கோட்பாட்டை மனத்தில் கட்டுவது, நிரலும் ஆவணங்களும் அதன் சுவடுகளே. அந்தக் கோட்பாட்டை மனத்தில் கொண்டவர்கள் கலைந்துவிட்டால் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தாலும் உயிரற்றதாகிவிடும். மூலநூல் கையில் இருந்தும் உரைமரபு அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதாக இராது.

ஆகவே இப்போது ஞாயிறுதோறும் இரண்டு கல்லூரி மாணவர்கள் எங்களோடு அமர்கிறார்கள். அவர்களுக்குப் பாடம் எடுப்பதில்லை. ஒரு மாற்றத்தைக் கொடுக்கிறோம்: புனைபெயர்களை இயற்பெயரோடு இணைக்கவேண்டும் என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார், எங்கே கை வைப்பீர்கள்? அவர்கள் முதலில் கை வைக்கும் இடம் பெரும்பாலும் தவறாகவே இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து அவர்களே அதைக் கண்டுகொள்கிறார்கள். நாங்கள் குறுக்கிடாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

அடைவின் முதல் அச்சுப்படியை ஆசிரியரிடம் கொடுத்தபோது அவர் பாராட்டு எதுவும் சொல்லவில்லை. விரலை வைத்துப் பக்கம் பக்கமாக வாசித்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று, “இவரை நான் மறந்தே போயிட்டேனே” என்றார். ஒரே ஒரு கதை எழுதிவிட்டுப் பிறகு எழுதாமல் போன ஒருவரின் பெயர் அது. அச்சுக்கோத்த காலத்து இதழ்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன; அவற்றைக் கையால்தான் உள்ளிடவேண்டும். அதற்கு அடுத்த மழைக்காலம் வரை ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறோம். எங்கள் மதிப்பீட்டை வாசகர்கள் இந்நேரம் அறிவார்கள்.